நீளமுடிக்காரன்

மனைவியின் கள்ளக்காதலுக்கான சாட்சியை உதயரூபன் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். காத்தான்குடியில் அம்னாவின் போட்டோகொப்பிக் கடையில் அந்த நேரம் வேறு ஆளில்லை.

"இரிங்க அண்ணன்" என்று கதிரையை இழுத்துப் போட்டாள் அம்னா.

"கேதீஸ்வரி இத உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ. ஆஸ்பத்திரியில கடைசியாச் சொன்னது இதுதான். நீங்க எனக்கு வாசிச்சுக் காட்டுவீங்களாம். எனக்கு வாசிக்கத் தெரியாத மாதிரி."

அவன் மனைவி கேதீஸ்வரி டெங்குக் காய்ச்சலில் போய், முப்பத்தோராம் நாள் சடங்கு நேற்றுத்தான் முடிந்திருந்தது.

பைக்குள் இருந்தது அட்டை போட்ட ஒரு கொப்பி. மங்கா என்கிற ஜப்பான் படக்கதைகளில் கேதீஸ்வரிக்கு அப்படியொரு பைத்தியம். அம்னாவும் அவளும் இந்தக் கடையில் உட்கார்ந்து போனில் வாசித்துத் தள்ளுவார்கள். கொப்பியில் இருந்தது அவளே வரைந்த மங்கா.

எட்டு மாதத்துக்கு முன் அதை அலுமாரியில் கண்டெடுத்து, அட்டையிலிருந்து அட்டைவரை பார்த்தவன் உதயரூபன். முதல் படத்தில் கண்ணாடி போட்ட ஒருவனோடு ஒரு பெண் வாவியில் தோணியில் போகிறாள். கண்ணாடிக்காரன் அச்சொட்டாக அவனேதான். "இனி எனக்கு இந்தத் தோணிதான்" என்கிறாள் அவள்.

நடுவில், "ரெண்டு பேரையும் விரும்புறன், நான் என்ன செய்ய?" என்று அழுகிறாள். கடைசிப் படத்தில் கல்லடிப் பாலத்தில் ஒரு நீளமுடிக்காரனின் தோளில் சாய்ந்து நிற்கிறாள்.

"ஒருத்தி ரெண்டு பேர விரும்பலாமா?" என்று அன்றைக்கு மனைவியிடம் கேட்டான்.

"கதையிலயா? ஏன் ஏலாது?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு அவளுடன் பேச்சை நிறுத்தியவன்தான். வவுணதீவில் வயல் காவலுக்குப் போட்ட வாடியிலேயே படுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையை நீட்டியபோதுகூட, சேலைன் போத்தலைப் பார்த்தபடி நின்றான், பாவி.

அம்னா கொப்பியைப் பின்னட்டைப் பக்கமாகத் திறந்தாள். சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதிப் பழகிய கை, அப்படித்தான் திறக்கும் என்று நினைத்துக்கொண்டான். திறந்ததும் நீளமுடிக்காரன் தெரிந்தான்.

"ஆர் தங்கச்சி இவன்?"

அம்னா கொஞ்சம் தயங்கினாள். "கெம்பஸில படிக்கக்குள்ள அவ விரும்பின பொடியன். பைக் அக்சிடென்டில மௌத்தாகிட்டான். உங்களக் கலியாணம் முடிக்கிறதுக்கு ரெண்டு வருஷம் முந்தி. உங்களுக்குச் சொல்லப் பயந்துதான் கதையா வரைஞ்சவ."

செத்துப்போன ஒருவனோடா இத்தனை நாளும் மல்லுக்கட்டினேன் என்று நினைத்தான் உதயரூபன். ஆனாலும் மனம் ஆறவில்லை.

"செத்தவனெண்டாலும் கடைசியில அவனிட்டத்தானே திரும்பிப் போறாள். என்னத் தோணியில விட்டிட்டு."

அம்னா அவனை விளங்காமல் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே போனாள். தோணிப் படம் வந்ததும் கை நின்றது. கொப்பியை மெல்ல அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஜப்பான் கதையெல்லாம் வலப்பக்கத்தால வாசிக்கிற, அண்ணன். இதுதான் கடைசிப் பக்கம்."