ஜன்னலுக்கு 'அட்'டா, 'பை'யா?

"ஒரு வாரமா ஒரே சந்தேகம்! 'அட்'டா, 'பை'யா? அதைக்கூடச் சொல்லத் தெரியலைன்னா நீங்க எதுக்கும்மா இந்த சீட்ல உட்கார்ந்திருக்கீங்க?"

மேனேஜர் கேட்டார். டீச்சர் ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

போனில் இங்கிலீஷ் சந்தேகம் தீர்த்து வைக்கிற கம்பெனி அது. சந்தா கட்டியவர்கள் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டதற்குப் பதில் சொன்னோமா, அடுத்த ஆளைப் பார்த்தோமா என்று இருக்க வேண்டும்.

ஆனால் ஒரு பெரியவர் மட்டும் தினமும் கூப்பிடுவார். டீச்சர்தான் வேண்டும் என்பார். ஆபீஸில் அவருக்கு 'சந்தேக சாமி' என்று பேரே வைத்துவிட்டார்கள். அவர் நம்பர் விழுந்தால் போதும். "டீச்சர், உங்க ஆளு!" என்று பக்கத்து சீட்டில் சிரிப்பு கிளம்பும்.

மேனேஜர் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த பேச்சை ஓடவிட்டார்.

"ஜன்னல் பக்கத்துல உட்கார்றதுக்கு எதைப் போடணும் டீச்சரம்மா?" பெரியவரின் குரல்.

"'ஐ சிட் அட் த விண்டோ'ன்னும் சொல்லலாம் ஐயா. 'ஐ சிட் பை த விண்டோ'ன்னும் சொல்லலாம். ரெண்டும் சரி மாதிரிதான் இருக்கு. ஆனா என்னவோ ஒரு வித்தியாசம் இருக்கு. பார்த்துச் சொல்றேன், நாளைக்குக் கூப்பிடுங்களேன்."

"கூப்பிடறேன். சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க. நீங்க?"

மேனேஜர் பட்டென்று நிறுத்தினார்.

"நேத்தும் இதே கதை. முந்தாநாளும் இதே கதை. நிஜமாவே தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "பாவம் சார், வயசானவர். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை போலிருக்கு. சந்தேகத்தைச் சாக்கா வெச்சுக் கூப்பிடறார். பதிலைச் சொல்லிட்டா அப்புறம் எதுக்குக் கூப்பிடுவார்? அதான், கொஞ்சம் மிச்சம் வெச்சேன்."

மேனேஜருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. இறங்கியதைக் காட்டிக்கொண்டால் அப்புறம் என்ன மேனேஜர்?

"இரக்கப்படறதுக்கா சம்பளம் தர்றோம்? நீங்க போங்க. நானே பேசி முடிச்சிடறேன்."

"திட்டிடாதீங்க சார்." கதவு வரை போனவள் திரும்பி நின்றாள். "அவர் இனிமே கூப்பிட மாட்டாரா சார்?"

மேனேஜர் நிமிர்ந்து பார்க்காமல் நம்பரைத் தட்டினார்.

எடுத்ததுமே அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். குழந்தைகள் சண்டை, மிக்ஸி, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம்.

"டேய், சும்மா இருங்கடா! அலோ, டீச்சரம்மாவா?"

"இல்லை ஐயா, நான் மேனேஜர். உங்க சந்தேகத்தை இத்தனை நாள் இழுத்தடிச்சதுக்கு மன்னிக்கணும். 'பை த விண்டோ'ன்னா சும்மா ஜன்னல் பக்கத்துல, அவ்வளவுதான். வெளியே பார்த்துக்கிட்டு, யாராவது வர்றாங்களான்னு உட்கார்ந்திருந்தா 'அட் த விண்டோ'. நீங்க எப்படி உட்காருவீங்க?"

பெரியவர் சிரித்தார். "நானா? ரெண்டு பையன், ரெண்டு மருமக, பேரன் பேத்தின்னு வீடு நிறைய ஆளு சார். பாத்ரூமுக்கே க்யூ. ஜன்னல் பக்கம் எனக்கு எங்க இடம் கிடைக்குது?"

"அப்போ அந்த ஜன்னல்?"

"அது டீச்சரம்மாவோட ஜன்னல்."

மேனேஜருக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இரைச்சல் அடங்கியது.

"நான் காலேஜ்ல இங்கிலீஷ் நடத்தி ரிட்டயர் ஆனவன் சார். சந்தா கட்டினது பேரனுக்காக. ஒழுங்காச் சொல்லித் தர்றாங்களான்னு பார்க்க ஒரு நாள் நானே கூப்பிட்டேன். 'பை'க்கு ஒரு உதாரணம் சொல்லுங்கம்மான்னேன். 'ஐ ஈட் பை மைசெல்ஃப்'னாங்க. தனியாத்தான் சாப்பிடறேன்னு. 'டு'வுக்குக் கேட்டேன். 'ஐ டாக் டு த டிவி'. 'அட்'டுக்குக் கேட்டப்போ வந்ததுதான் அந்த ஜன்னல். 'ஃபார்'? 'நோபடி வெயிட்ஸ் ஃபார் மி'. எனக்காகக் காத்திருக்க யாருமில்லையாம். ஒரு தப்பு இல்லை சார், எல்லாம் சரி. போனை வெச்சப்புறம் எனக்குத்தான் ஒரு வாய் உள்ளே இறங்கலை."

மேனேஜர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். சாப்பாட்டு நேரம். எல்லோரும் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கும்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் சீட்டை விட்டு நகரவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ தினமும் நீங்க கூப்பிடறது அவங்களுக்காகவா?"

"அவங்க எனக்காகப் பேசறதா நினைச்சுக்கிட்டிருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும், நீங்க சொல்லிடாதீங்க." என்றார் பெரியவர். "ஒரு நாளாவது அந்தப் பொண்ணு வாயில 'வித்'னு, யார்கூடவோ சாப்பிட்டேன்னு ஒரு உதாரணம் வரட்டும் சார். அதுவரைக்கும் எனக்குச் சந்தேகம் தீராது."