கெடிலம் யுனைடெட்டின் கடைசிக் கூட்டம்

“கிளப்ப சிதம்பரத்துக்குக் குடுத்துடலாம்ங்கிறவங்க கையத் தூக்குங்க” என்று செயலாளர் அறிவழகன் சொன்னதும், முதலில் உயர்ந்தது ஜெயராணியின் கை.

சமூகக்கூடத்தில் இருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்பதில் கடலூர் முதுநகரில் யாருக்குமே சந்தேகம் இருந்ததில்லை. முப்பது வருஷமாக கெடிலம் யுனைடெட் கால்பந்து அணி ஆடிய இடத்திலெல்லாம் கோல்போஸ்டுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவள் அவள். மேட்ச் இருக்கும் நாளில் தபால் ஆபீஸ் கவுண்டரில் அவளிடம் ஸ்டாம்ப் வாங்கினால் சில்லறையை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார்கள்.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் ஜேக்கப். கெடிலத்தின் பழைய கோல்கீப்பர். அவருடைய இரண்டு கைகளும் மடியிலேயே இருந்தன.

விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிப்காட்டில் இருந்த ஒரு கம்பெனிதான் கிளப்புக்கு வருஷா வருஷம் பணம் கொடுத்துவந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு அது கடையைக் கட்டியது. அதன்பிறகு ரசிகர்கள் வசூல் செய்து ஓட்டினார்கள். இந்த ஜூனில் லீகுக்குப் பெயர் கொடுக்கவே பணம் இல்லை.

சிதம்பரத்துத் துணிக்கடை முதலாளி தில்லைநாதன் எல்லாச் செலவையும் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். பையன்களுக்கு ஷூ, கோச், பஸ் செலவு, சாப்பாடு, எல்லாம். பதிலுக்கு அவர் கேட்டது மூன்று. பெயர் மாறும். பச்சை ஜெர்சி போய்விடும். ஆட்டங்கள் இனி சிதம்பரத்தில் நடக்கும்.

ஜெயராணிக்கும் பயம் இருந்தது. இரண்டே வருஷத்தில் தில்லைநாதனுக்கு சலித்துவிட்டால்? நம் பையன்களை உட்காரவைத்துவிட்டு வெளியூர் ஆட்களை இறக்கினால்? சிதம்பரத்தில் யார் வந்து நின்று கத்துவார்கள்?

உயர்த்திய கையோடு அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். வரிசையாகப் போட்டோக்கள்.

காடாம்புலியூரில் கோப்பை ஜெயித்த வருஷம். பரிசாக ஆளுக்கு ஒரு பலாப்பழமும் கொடுத்தார்கள். கடைசி பஸ் போய்விட்டதால் முந்திரி லாரியில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தார்கள். பண்ருட்டி தாண்டுவதற்குள் இரண்டு பழத்தை உடைத்துத் தின்றாகிவிட்டது. கழுத்தெல்லாம் பால் ஒட்டிக்கொண்டு, எல்லாரும் பாடிக்கொண்டே வந்தார்கள். ஜெயராணிக்கு அப்போது ஏழு மாதம். லாரி குலுங்கும்போதெல்லாம் ஜேக்கப் கோப்பையை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார்.

தானே புயல் அடித்த வருஷம். மைதானத்தில் விழுந்து கிடந்த மரங்களை வெட்டி இழுத்தது ரசிகர்கள்தான். வீட்டுக்குக் கரண்ட் வருவதற்கு முன்பே முதல் பயிற்சி ஆட்டம் நடந்துவிட்டது.

“அக்கா, நீங்களே இப்டிப் பண்ணலாமா?”

இளவரசு. இந்த அணியின் கேப்டன். இருபத்திரண்டு வயது. கண் கலங்கியிருந்தது.

“கை வலிக்குதுப்பா அறிவு, சீக்கிரம் எண்ணு” என்றாள் ஜெயராணி. இளவரசு பக்கம் அவள் திரும்பவில்லை.

ஜேக்கப் மனைவியைப் பார்த்தார். காலையில் சர்ச் முடிந்து வரும்போதுகூட, செத்தாலும் தரக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர். 

பிறகு மெதுவாகத் தன் கையையும் உயர்த்தினார்.

அதைப் பார்த்து, பின்வரிசையில் இருந்த பழைய ஆட்டக்காரர்கள் நாலு பேர் உயர்த்தினார்கள். பிறகு அங்கங்கே இன்னும் பல கைகள் எழுந்தன. அறிவழகன் இரண்டு முறை எண்ணினார். வேண்டாம் என்றவர்களைவிட மூன்று கை அதிகம். கிளப் சிதம்பரத்துக்குப் போனது.

இளவரசு நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனான். துரோகி என்று யாரோ சொன்னது ஜெயராணியின் காதில் விழுந்தது. யார் என்று அவள் தேடவில்லை.

ரயிலடி ஸ்டார் என்ற பெயர் அந்தக் கூடத்தில் இரண்டே பேருக்குத்தான் இன்னும் ஞாபகம் இருந்தது.

அது சிதம்பரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருந்த கிளப். முப்பது வருஷத்துக்கும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கெடிலம் யுனைடெட்டிலிருந்து மூன்று பேர் பைக்கில் அங்கே போனார்கள். உங்களிடமும் பணம் இல்லை, சேர்ந்துவிடலாம், உங்கள் பையன்கள் எங்கள் பெயரில் ஆடட்டும் என்று கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர் ஜேக்கப்.

ரயிலடிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். உயிரே போனாலும் பெயரை விடக்கூடாது என்று எழுந்து நின்று கத்தினாள் அந்தக் கிளப் செயலாளரின் மகள். அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. கிளப்புக்கு மினிட்ஸ் நோட்டு எழுதியவளும் அவள்தான். அவள் பேசியதைக் கேட்டபின் ஒருவர்கூடச் சேரலாம் என்று சொல்லவில்லை. வந்த மூன்று பேரும் அப்படியே திரும்பிப் போனார்கள். ரயிலடியில் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள்.

அடுத்த லீகில் ரயிலடி ஸ்டார் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை.

அந்த அணியில் இடது விங்கில் ஆடிய பையனுக்குப் பத்தொன்பது வயது. மாவட்ட அணிக்கு எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. ஆட ஓர் அணி இல்லாமல் ஒரு வருஷம் சும்மா இருந்தான். பிறகு சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். இன்றைக்கும் டிவியில் மேட்ச் ஓடினால் சேனலை மாற்றிவிடுகிறான்.

அவன் அந்தச் செயலாளரின் மகன், ஜெயராணியின் தம்பி.