பக்கத்தில் அவன் பெயர்

புற்றுநோய் முற்றிய திர்சாளுக்குச் சாவைவிட ஒரு சந்தேகம்தான் பெரிதாக இருந்தது. உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஆண்டவர் சிலுவையில் சிந்திய ரத்தத்தில் தனக்கும் பங்கு உண்டா? பார்க்க வந்த போதகர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பொதுவா இல்லம்மா. தம்முடையவங்களுக்காக, ஒவ்வொருத்தர் பேரையும் மனசுல வச்சுத்தான் அவர் செத்தார். அதுல ஒருத்தரையும் அவர் விட மாட்டார். அவருக்காக இப்படி ஏங்குறீங்களே, இந்த ஏக்கமே அவர் சிலுவையில உங்களுக்குன்னு சம்பாதிச்சதுதான்."

அவள் முகம் தெளிந்தது. பல நாளுக்குப் பிறகு தானாகக் கஞ்சி கேட்டாள். பாதி குடிக்கும்போது கை நின்றது.

"அப்போ எங்க ஓபேத், ஐயா?"

போன வருஷம் லாரியில் அடிபட்டுச் செத்த மகன். கோயிலுக்கு வருவதைப் பதினைந்து வயதிலேயே நிறுத்திவிட்டவன். அவன் ஆண்டவருக்காக ஏங்கி அவள் பார்த்ததில்லை.

போதகர் தலைகுனிந்தார். "எனக்குத் தெரியலம்மா."

அவள் அழவில்லை. கிடைத்த ஆறுதலை விட்டுவிடவும் முடியவில்லை.

"ஜெபம் பண்ணுங்க. என் பேரைச் சொல்லும்போது பக்கத்துல அவன் பேரையும் சொல்லிருங்க."

அவர் கண்களை மூடி, "ஆண்டவரே, உம்முடைய மகள் திர்சாள்..." என்று தொடங்கி நிறுத்தினார். அவள் கண்ணை மூடாமல் அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.