பச்சை டிக்

டீச்சர் என் கடிதத்தின் முதல் வரிக்குக் கீழே ஒரு கிழவியின் படத்தை ஒட்டினார். இரண்டாவது வரிக்கு விமானம்.

வீட்டிலிருந்து வேண்டாத கடிதம் ஒன்றை எடுத்து வரச் சொல்லியிருந்தார். ஊர்விட்டு ஊர் வந்து, முற்றிப்போன வயதில் படிக்கிற எங்களுக்கு இப்படிப் படம் ஒட்டித்தான் இங்கிலீஷைப் புகட்டுவார்.

என்னிடம் இதைவிட வேண்டாத கடிதம் இல்லை. அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ள விசா கேட்டதற்கு வந்த பதில்.

அக்காதான் விண்ணப்பம் எழுதினாள். பதிலையும் அவள்தான் படித்தாள்.

"முடியாதுன்னுட்டாங்கடி."

அக்கா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அம்மா அவளோடு பேசுவதில்லை. அப்படியும் எனக்காக அலைந்தாளே என்று அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மூன்றாவது வரி. எனக்குத்தான் தெரியுமே என்று சிவப்புப் பெருக்கல் குறியை எடுத்து நானே ஒட்டினேன்.

டீச்சர் சிரித்துக்கொண்டே அதைப் பிய்த்துவிட்டுப் பச்சை டிக்கை ஒட்டினார்.

நான் விடவில்லை. மறுபடி சிவப்பை நீட்டினேன். அவர் என் விரலைப் பிடித்து, கிழவி, விமானம், பச்சை டிக் என்று ஒவ்வொன்றின் மேலும் வைத்துக் காட்டினார். பிறகு சந்தோஷமாக என் முதுகில் தட்டினார்.

சிவப்புக் குறியை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.

நகல் எடுக்கப் போயிருந்த அக்கா தாள்களோடு உள்ளே வந்தாள். இந்த வகுப்புக்கு மொழிபெயர்ப்பாளர் அவள்தான். மூன்று வருஷமாக இந்த ஊர் அவள் வாய் வழியாகத்தான் என்னோடு பேசுகிறது.

டீச்சர் கடிதத்தைக் காட்டி அவளிடம் ஏதோ கேட்டார்.

அக்கா கடிதத்தைப் பார்த்தாள். படங்களைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"டீச்சர் தப்பா ஒட்டிட்டாங்கடி."

கூடப் பிறந்தவள் இப்படிக் கழுத்தறுப்பாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் இவ்வளவு சாதாரணமான குரலில்.

தமிழ் தெரியாத டீச்சர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். ஒரு காலண்டர் படத்தை ஒட்டி, அதற்கு மேலே இருந்த, அம்மா வந்து சேர வேண்டிய கடைசித் தேதியைப் பேனாவால் வட்டமிட்டார். வட்டமிட்ட பிறகுதான் அதைப் படித்தார் போல. சிரிப்பு நின்றுவிட்டது.

எழுத்துதான் எனக்குத் தகராறு. எண்கள் தெரியும்.

அது நேற்றைய தேதி.

தூக்கிப் போட மனம் வராமல், நேற்று வரை அந்தக் கடிதத்தை என் தலையணைக்கு அடியில்தான் வைத்திருந்தேன்.