அண்டாவும் மூடியும்

ஊர் இளைஞர் மன்றத்துக்கு ஒரு பெரிய அலுமினிய அண்டா இருந்தது. கல்யாணமானாலும் கருமாதியானாலும் ஊருக்குச் சோறு அதில்தான் வெந்தது. ஒரு அன்னதானத்தில் முதல் கரண்டி சோற்றை யார் போடுவது என்று தவசிக்கும் பரமகுருவுக்கும் தகராறு வந்து, மன்றம் இரண்டாக உடைந்தது. சாமான்களையும் பங்கு போட்டார்கள். அண்டா தவசி வீட்டுக் கொல்லைக்குப் போனது. மூடி பரமகுருவின் மாட்டுக் கொட்டகைக்குப் போனது. இடையில் ஒரு சுவர்தான்.

"என்ன பண்றே?" என்று அண்டா கேட்டது.

"தவிட்டுத் தொட்டியை மூடிக்கிட்டுக் கிடக்கேன். நீ?"

"மழைத்தண்ணி பிடிக்கிறேன். உள்ளே கொசு குடும்பம் நடத்துது."

ஐப்பசியில் கீழத்தெருவுக்குள் வெள்ளம் புகுந்தது. சனங்கள் பிள்ளைகுட்டிகளோடு பள்ளிக்கூடத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்ப நம்மளைக் கூப்பிடுவாங்க பாரு," என்றது மூடி.

"முதல்ல மூடி வரட்டும், உலை வைக்கிறேன்," என்றார் தவசி.

"முதல்ல அண்டா வரட்டும், மூடியைத் தர்றேன்," என்றார் பரமகுரு.

மறுநாள் பக்கத்து ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்தார்கள்.

பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது இரண்டு வீட்டிலும் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் அண்டாவை வண்டியில் ஏற்றினார். அடுத்த வீட்டில் மூடியை வாங்கி, அண்டாவின் வாயில் வைத்து அழுத்தினார். கச்சிதமாகப் பொருந்தியது.

"எங்கே போறோம்?" என்று மூடி கேட்டது.

"உருக்குறதுக்கு."

"ரெண்டு பேரையும் ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான்," என்றது அண்டா.