விறகு பீட்ரூட்

"காய நறுக்கிக் குடுத்தா எவன் வேணா சமைப்பான்" என்று இளவரசன் ஒருநாள் வாயை விட்டான். அவன் மனைவி சிவசங்கரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்லைன்ல சொல்லிட்டேங்க. நறுக்கின காய், அளந்த மசாலா எல்லாம் டப்பாவுல வந்துடும். நீங்க அடுப்புல ஏத்துனா போதும்."

அவள் நர்ஸ், அவன் தாலுகா ஆபீஸ் கிளார்க். ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் வந்ததென்று தினமும் சாயந்திரம் அவள் டப்பாவை நீட்டுவாள். அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சமைப்பான். ருசியாகவே இருந்தது.

காலையில் அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பக்கத்து வீட்டுக் குப்பம்மாவுக்குக் கை சுளுக்கு என்று சிவசங்கரி சொன்னதால், ஆபீஸ் கிளம்புமுன் அவளுக்குக் காய் நறுக்கித் தருவான். சிவசங்கரி எடுத்துப் போவாள்.

வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்தவன் கடுப்பானான்.

"இன்னா இது, பீட்ரூட்ட விறகு மாதிரி பொளந்து வெச்சிருக்கான்? நறுக்கத் தெரியாதவன்லாம் கம்பெனி நடத்துறான்."

அப்போது புளி மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு குப்பம்மா வாசலைக் கடந்தாள்.

"அக்கா, சுளுக்கு சரியாயிடுச்சா?"

"எனக்கு ஏதுப்பா சுளுக்கு?"

இளவரசன் தன் விரல்களைப் பார்த்தான். காலையில் ஏறிய பீட்ரூட் சிவப்பு இன்னும் போகவில்லை.

"நாளைக்குக் கொஞ்சம் சன்னமா நறுக்குங்க" என்றாள் சிவசங்கரி. "சாயந்திரம் சமைக்கிறவரு ரொம்பக் கோவக்காரரு."