குவெரியில் கோளாறு

"கல்யாணம் ஆகாதவங்களை மட்டும் காட்டுன்னு ஒரு குவெரி எழுதத் தெரியல. இதுக்கு ஒரு டிகிரி வேற," என்றார் டீம் லீடர், மொத்த அலுவலகத்துக்கும் கேட்கும்படி. நாலைந்து பேர் சிரித்து வைத்தார்கள்.

புரோகிராமர் பெண் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர்களுடைய வரன் தேடும் தளத்தில் கல்யாணமான ஆள் ஒருவரும் மாப்பிள்ளையாக வருகிறாராம். புகார் வந்திருந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல், தப்பு அவளுடையதுதான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

அவள் ஜாவா நிரலை வரி வரியாகப் பார்த்தாள். கிளவுட் சர்வரில் அதே குவெரியைத் தனியாக ஓட்டியும் பார்த்தாள். பிறகு அவரைக் கூப்பிட்டாள்.

"சார், குவெரி சரியாத்தான் இருக்கு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அப்ப தப்பு டேட்டாபேஸ்லயா?"

"ஆமா சார். அந்த ஆள் பதிவு பண்றப்பவே பேரை மாத்தி, கல்யாணம் ஆகலைன்னு பொய் சொல்லியிருக்கார்."

"பொய்னு உனக்கு எப்படித் தெரியும்? அவர் கல்யாணத்துக்கு நீ போயிருந்தியா?"

"போயிருந்தேன் சார். நம்ம டீமே போயிருந்தோம்."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். மணப்பெண்ணை வெட்டி எடுத்த கல்யாணப் படத்தில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் மட்டும் நாலு விரல் மிச்சமிருந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"புகார் உங்க வீட்டு மேடம்கிட்டேருந்துதான் வந்திருக்கு சார்," என்றாள் அவள். "என்ன பதில் எழுதட்டும்?"